தேர் இழுத்த கால்

கலாவதி: நிறுத்து மாமா, நிறுத்து. என் பக்கம் கரை நூலு அறுந்துபோச்சி.

குமாரசாமி: அறுந்தா முடி போடு. அதுக்கு இன்னாத்துக்கு என் காலை எட்டிப் பாக்கிற?

கலாவதி: உன் காலை நான் எங்க பாக்கிறது? அது தறிக்குழிக்குள்ள கெடக்குது. எனக்குத் தெரியிறதெல்லாம் இடுப்புக்கு மேலதான்.

குமாரசாமி: கட்டின பொண்டாட்டிக்கு அது போதும். மேல பாத்துக்கினு வேலையைப் பாரு.

கலாவதி: சாக்ஸைத்தான் பாத்தேன். வைகாசி வெயிலு மண்டையைப் பொளக்குது. காஞ்சிபுரத்துல எவனாவது சாக்ஸு மாட்டிக்கினு தறி மிதிக்கிறானா?

குமாரசாமி: குழியில கொசு.

கலாவதி: போன வாரம் கேட்டப்ப ஈரம்னு சொன்ன.

குமாரசாமி: ஈரம் இருந்தாத்தான கொசு வரும்?

கலாவதி: வாய் மட்டும் இல்லன்னா உன்னை நாய் இழுத்துக்கினு பூடும்.

குமாரசாமி: தறியோட சேத்துத்தான் இழுக்கணும். சரி, முடி போட்டாச்சா? நான் உடம்பு நெய்யணும், நீ கரை நெய்யணும். ஒராளு நின்னா ரெண்டு பேரும் நின்ன மாதிரி. தள்ளு நாடாவை.

கலாவதி: இரு... முடிச்சி நிக்கமாட்டேங்குது. ம்... ஆச்சி. மாமா, பிரியா காலைல போன் பண்ணிச்சி.

குமாரசாமி: இன்னாவாம் எம் பொண்ணு?

கலாவதி: வளைகாப்புக்கு அப்பா பொடவை ரெடியாகிடுமான்னு கேட்டுது.

குமாரசாமி: ஆகிடும்னு சொல்ல வேண்டியதுதான. வெள்ளிக்கெழம தறியிலேர்ந்து அறுத்துடுவேன்.

கலாவதி: எந்த வெள்ளிக்கெழம?

குமாரசாமி: வர்ற வெள்ளிக்கெழமதான்.

கலாவதி: போன வாரமும் வர்ற வெள்ளிக்கெழமன்னுதான் சொன்ன. இன்னும் பாதிப் பொடவைகூட ஏறல.

குமாரசாமி: பாதி ஏறிடுச்சின்னா மீதி தானா ஏறிடும் கலா. அப்புறம் கேளு, வளைகாப்பை மொட்டை மாடியிலேயே வெச்சிக்கலாம். பந்தலு வேணாம். சும்மா ஜமக்காளம் விரிச்சா போதும்.

கலாவதி: மழை வந்தா?

குமாரசாமி: நம்ம வீட்டு விசேஷத்துக்கு மழை வராது.

கலாவதி: பிரியா கல்யாணத்துக்குப் பந்தலே பறந்துபோச்சி! சாம்பார் அண்டாவுல மழைத்தண்ணி ரொம்பிச்சி!

குமாரசாமி: அது எதிர்பாராம வந்த மழை.

கலாவதி: எல்லா மழையும் உனக்கு எதிர்பாராமதான் வரும். பிரியா இன்னொண்ணும் கேட்டுது. அப்பா சுகர் டெஸ்ட் பண்ணாரான்னு.

குமாரசாமி: பண்ணாரு, நார்மல்னு சொல்லு.

கலாவதி: பண்ணியா?

குமாரசாமி: பண்ணா நார்மலாத்தான் இருக்கும். அதுக்கு இன்னாத்துக்கு ரத்தம் குடுக்கணும்?

கலாவதி: சக்கரை இருக்கிறவன் மூஞ்சியைப் பாக்காட்டியும் காலைப் பாக்கணும்னு டாக்டரு படிச்சிப் படிச்சி சொன்னாரு. பங்குனியில தேர் இழுத்துட்டு வந்தியே, வலது காலு பெருவெரலுக்குக் கீழ ஒரு கொப்புளம்... அது இன்னா ஆச்சி?

குமாரசாமி: அது அப்பவே அமுங்கிப்போச்சி.

கலாவதி: அமுங்கிடுச்சா?

குமாரசாமி: தடமே தெரியல.

கலாவதி: எங்க, காட்டு பாக்கலாம்.

குமாரசாமி: தடமே தெரியலன்னு சொல்றேன். அப்புறம் இன்னாத்தைக் காட்டறது? பேச்சுல மறந்துட்டேன், என் ஊசியைப் பாத்தியா?

கலாவதி: எந்த ஊசி?

குமாரசாமி: முடிச்சைக் கிளறி எடுப்பேனே, அதான். முந்தாநாளு கை தவறி குழியில விழுந்து, மிதிப்பலகைக்கு அடியில சிக்கி ஒடிஞ்சிபோச்சி. காது இருக்கிற பாதி கெடைச்சிது. முனைப் பாதியைக் காணோம்.

கலாவதி: வேற ஊசி எடுத்துத் தரேன்.

குமாரசாமி: ஊசி போனாப் போவட்டும். முனை எங்கியாவது பட்டுல மாட்டிக்கினு இருந்தா? ஒரு இழுப்பு போதும், பொடவையே பாழு. அந்தக் கவலையில குழியெல்லாம் கையால தடவிப் பாத்துட்டேன்.

கலாவதி: பொடவைக்கு ஒண்ணும் ஆகல மாமா.

குமாரசாமி: உனக்கு எப்படித் தெரியும்?

கலாவதி: ...நல்லதையே நெனைன்னு நீதான சொல்லுவ.

ராஜவேலு: குமாரு... உள்ள இருக்கியா?

கலாவதி: வாண்ணே, வா. பாத்து வா, வாசப்படி ஒடைஞ்சிருக்குது.

ராஜவேலு: காலுல ரெண்டு வெரலு இல்லாதவனுக்குப் படி ஒடைஞ்சா இன்னா, ஒடையலன்னா இன்னா. கைத்தடி இருக்குது, ஊணிக்கினு வந்துடுவேன்.

குமாரசாமி: வாடா ராஜவேலு. இன்னாடா சலவைச் சட்டை? பொண்ணு பாக்கப் போறியா?

ராஜவேலு: ஆஸ்பத்திரிக்குடா. இன்னிக்குக் கால் டாக்டரு வர்ற நாளு. மத்தியானம் வரைக்கும்தான் இருப்பாரு. நீயும் துணைக்கு வாயேன்.

குமாரசாமி: நானா?

ராஜவேலு: நம்ம கதிர்வேலு ஆட்டோ வெளிய நிக்குது. ஏறி உக்காந்தா போய்ட்டு வந்துடலாம்.

குமாரசாமி: ஆட்டோவா! ஓசி டீக்குத் தெருவையே சுத்தி வர்றவன், இன்னிக்கு ஆட்டோ வெச்சிக்கினு வந்திருக்கியா?

ராஜவேலு: கலா தங்கச்சிதான்... இல்ல, அதாவது... வெயிலுடா. ரோடு சுடுது.

கலாவதி: நான் போய் டீ போடறேன். அண்ணே, உனக்குச் சக்கரை இல்லாம.

ராஜவேலு: ஒரே ஒரு ஸ்பூனு போடும்மா. வெறும் டீ தொண்டையில எறங்காது.

கலாவதி: ஸ்பூனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நீ பேச வேண்டியதைப் பேசுண்ணே.

குமாரசாமி: இன்னாடா அது, பேச வேண்டியது?

ராஜவேலு: இரு, அவ உள்ள போவட்டும். ...போய்ட்டா. இப்ப காட்டு.

குமாரசாமி: இன்னாத்தை?

ராஜவேலு: காலைடா. எத்தினி வருசம் பக்கத்துப் பக்கத்துத் தறியில உக்காந்திருக்கோம்! உன் மிதி சத்தம் எனக்குத் தெரியாதா? இப்பல்லாம் வலது காலு தயங்கித் தயங்கி உழுது.

குமாரசாமி: மெதுவா பேசுடா. அவ காதுல உழப்போவுது.

ராஜவேலு: அப்ப இருக்குது.

குமாரசாமி: இருக்குது. சின்னதா. அந்தக் கொப்புளம் ஒடைஞ்சி புண்ணாச்சி. அவகிட்ட மட்டும் சொல்லிடாத. அவங்கப்பா இதே மாதிரி காலை எடுத்துட்டுத்தான் போய்ச் சேந்தாரு. பயந்து நடுங்கிப் பூடுவா.

ராஜவேலு: அவ பயப்படட்டும். நீ ஏன்டா பயப்படல? எனக்கும் இப்படித்தான ஆரம்பிச்சிது. செருப்பு கடிச்ச எடம். தூசி மாதிரி இருந்துச்சி. தூசின்னுதான் நெனச்சேன்.

குமாரசாமி: உனக்கு வந்துச்சி. எனக்கும் வரணும்னு எழுதி இருக்குதா?

ராஜவேலு: ஏன், நீ இன்னா ஸ்பெஷலா செஞ்ச உடம்பா?

குமாரசாமி: நீ சாயங்காலமானா பரோட்டாக் கடையில குடியிருந்த. நான் தெனம் பாகக்காய் சாறு குடிக்கிறேன். மூக்கைப் புடிச்சிக்கினு குடிக்கிறேன்டா. எங்கப்பா சாவற வரைக்கும் ஒரு மாத்திரை போட்டதில்ல.

ராஜவேலு: உங்கப்பா செத்தப்ப உனக்கு மீசையே மொளைக்கல.

குமாரசாமி: சக்கரையில சாவலியே! அதைச் சொல்லு.

ராஜவேலு: நல்ல நியாயம்டா. நம்ம முத்துக்குமாரண்ணனுக்குக் காலு போச்சே, அப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கினு நான் இன்னா சொன்னேன், ஞாபகம் இருக்குதா?

குமாரசாமி: பசிக்குதுன்னு சொன்ன.

ராஜவேலு: அதுக்கு அப்புறம். ‘அந்தாளு மாத்திரையே போடமாட்டான், நான் போடறேன், எனக்கு ஆவாது’ன்னு சொன்னேன். ரெண்டு வெரலு போச்சி. முத்துக்குமாரண்ணன் அதுக்கு முன்னாடி யாரைப் பாத்து இன்னா சொன்னாரோ. இப்ப நீ என்னைப் பாத்து சொல்ற. நாளைக்கு எவனோ ஒருத்தன் உன்னைப் பாத்து சொல்லுவான். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் நிக்கறோம்டா.

குமாரசாமி: நான் அந்த வரிசையிலயே இல்ல. எனக்கு அத்தாட்சி இருக்குது.

ராஜவேலு: இன்னா அத்தாட்சி?

குமாரசாமி: தேரு. அன்னிக்கு உச்சி வெயிலு. தாரு ரோடு கொதிக்குது. வடம் புடிச்சவன்லாம் குதிக்கறான். தண்ணி ஊத்தின எடமாத் தேடி ஓடறான். நீகூட ஓரமா செருப்போட நின்ன.

ராஜவேலு: நின்னேன். சாமி மன்னிப்பாருன்னு நின்னேன்.

குமாரசாமி: நான் மட்டும் வடத்தை விடல. கல்லு மாதிரி நின்னேன். சூடே தெரியல.

ராஜவேலு: தெரியலியா?

குமாரசாமி: கொஞ்சம்கூட தெரியலடா! பக்கத்துல வடம் புடிச்சிக்கினு இருந்த ஆளு, ‘இன்னா சார், உங்க காலு இரும்பா’ன்னு கேட்டான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. ஏகாம்பரநாதரு என் காலை அவரு கையில வாங்கிக்கினாருன்னு நெனச்சேன்.

ராஜவேலு: ...குமாரு.

குமாரசாமி: இன்னா?

ராஜவேலு: எனக்கும் சூடு தெரியாமத்தான்டா இருந்துச்சி. வெரலு போவறதுக்கு முன்னாடி.

குமாரசாமி: உனக்கு நரம்பு செத்துப்போச்சி. எனக்கு அருளு. ரெண்டும் ஒண்ணா?

ராஜவேலு: அருளுக்கு எப்படிடா கொப்புளம் வந்துச்சி?

குமாரசாமி: ...அது தோலு. தோலு இன்னா பண்ணும் பாவம்.

ராஜவேலு: சரி, பேசினது போதும். சாக்ஸைக் கழட்டு.

குமாரசாமி: காட்டறேன். பாத்தா நீயே வாயை மூடிக்குவ. இரு, காலைத் தூக்கி மேல வெக்கிறேன்... இந்தா. நல்லா பாத்துக்கோ.

ராஜவேலு: சீழு இல்ல.

குமாரசாமி: இல்ல.

ராஜவேலு: வாடையும் இல்ல. என்னுது கிட்ட வந்தாலே நாறும்டா. பொண்டாட்டி தலகாணியைத் தூக்கிக்கினு வெளிய போய்ப் படுத்துக்கினா. இது... கழுவி விட்ட மாதிரி இருக்குதே. இன்னாடா போடற?

குமாரசாமி: மஞ்சளும் தேங்காய் எண்ணெயும். அதுவும் காலைல ஒரு தடவ. மீதியை உடம்பே பாத்துக்குது.

ராஜவேலு: மஞ்சள் வாசனை வரலியே. ஆஸ்பத்திரி வாசனை இல்ல அடிக்குது.

குமாரசாமி: அது சாக்ஸு வாசனை. அதிசயத்தைக் கேளு. சாயங்காலம் குழியை விட்டு ஏறும்போது கசிஞ்சிக்கினு இருக்கும். சாக்ஸெல்லாம் ஈரம். படுத்துத் தூங்கிட்டு காலைல எழுந்து பாத்தா பளிச்சுனு இருக்கும். தெனமும்! ராத்திரி தூங்கறப்ப உடம்பு தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்குதுடா. மொபைல்ல ஒருத்தன் சொன்னான். அப்படியே இருக்குது.

ராஜவேலு: சில உடம்பு அப்படி இருக்கும்போல.

குமாரசாமி: அதத்தான நான் சொல்றேன்!

ராஜவேலு: உன்னை பயமுறுத்திக் கூட்டிக்கினு போலாம்னு வந்தேன். இப்ப எனக்கே பொறாமையா இருக்குது.

குமாரசாமி: பொறாமைப்படாத. உனக்கும் சாறு அரைச்சித் தரச் சொல்றேன்.

ராஜவேலு: சாறு இருக்கட்டும். கலா வர்றதுக்குள்ள இதைத் துன்னுடறேன்.

குமாரசாமி: இன்னாடா அது? மைசூர்பாகா?

ராஜவேலு: சின்னத் துண்டு. ஒரு நிச்சயதார்த்தத்துல குடுத்தாங்க. மாத்திரை போட்டுட்டுத்தான் துன்றேன்.

குமாரசாமி: டேய், இன்னொரு காலை நெனச்சிப் பாருடா.

ராஜவேலு: அது நல்ல காலுடா. அதுக்கு ஒண்ணும் ஆவாது.

குமாரசாமி: இப்ப யாருடா ரேஷன் வரிசையில நிக்கிறது?

ராஜவேலு: சிரிக்காத, பொறை ஏறப்போவுது.

கலாவதி: இந்தாங்க டீ. அண்ணே, வாயைத் தொடைச்சிக்கோ. பாகு ஒட்டிக்கினு இருக்குது.

ராஜவேலு: அது வந்து தங்கச்சி...

கலாவதி: துன்னு. நல்லா துன்னு. அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன். இங்க பேசினியா?

ராஜவேலு: பேசினேன். காலையும் பாத்துட்டேன்.

கலாவதி: காட்டிட்டாரா! அப்பாடா... எழுந்திரு மாமா, எழுந்திரு. கதிர்வேலு ஹாரன் அடிக்கிறான் பாரு.

ராஜவேலு: இல்ல தங்கச்சி. அவசரம் ஒண்ணும் இல்லபோல. நல்லா ஆறிக்கினு வருது. என் புண்ணை நான் பாத்திருக்கேன்ல, இது வேற ரகம். ஆறுற புண்ணு. அடுத்த மாசம் காட்டினாக்கூட போதும்.

கலாவதி: அண்ணே! இதைச் சொல்லவா உன்னைக் கூப்பிட்டேன்?

குமாரசாமி: ஓஹோ... அப்ப ஆட்டோவும் நீதான், இந்தச் சலவைச் சட்டையும் நீதான்.

கலாவதி: ஆமா, நான்தான். நேரா கூப்பிட்டா குழியை விட்டு ஏறுவியா நீ?

குமாரசாமி: புண்ணு இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

கலாவதி: நீ ஒளிச்சி ஒளிச்சித் துவைக்கிற சாக்ஸுல கறை போவலியே மாமா. அதுகூடவா தெரியாது எனக்கு? எழுந்திரு. டாக்டரு போய்ட்டாருன்னா மறுபடி எப்ப வருவாரோ.

குமாரசாமி: நான் வரல.

கலாவதி: ஏன்?

குமாரசாமி: ஆறிக்கினு இருக்கிறதை இன்னாத்துக்குக் காட்டறது?

கலாவதி: ஆறிக்கினு இருந்தா காட்டறதுக்கு இன்னா பயம்?

குமாரசாமி: பயமா? எனக்கா?

கலாவதி: உனக்குத்தான்.

குமாரசாமி: ...ஆமா, பயம்தான். இப்ப இன்னா அதுக்கு? நடந்து போன உங்கப்பா நடந்து வந்தாரா? இது வலது காலுடி. மிதிக்கிற காலு. இதை எடுத்துட்டா நான் யாரு? எனக்கு இன்னா வேலை தெரியும்? கடை வாசல்ல நின்னு வண்டிக்கு டோக்கன் கிழிச்சிக்கினு... டேய் ராஜவேலு, மன்னிச்சிக்கடா. வாய் தவறி வந்துடுச்சி.

ராஜவேலு: பரவால்லடா. டோக்கன்தான கிழிக்கிறேன்.

கலாவதி: எங்கப்பா முத்த விட்டுட்டுப் போனாரு. அவரு எங்க நடந்து போனாரு, கடைசியா தூக்கிக்கினுதான் போனோம். இப்பவே போனா மருந்தோட முடிஞ்சிடும் மாமா. பேரப்புள்ளையைத் தோள்மேல ஒக்காரவெச்சி தேர் காட்டறேன்னு பிரியாகிட்ட சொன்னியே. எந்தக் காலால நிப்ப?

குமாரசாமி: இதே காலால நிப்பேன்! இதே காலுதான், தேர் இழுத்த காலு. உங்கப்பாவுக்கு நாறிச்சி, எனக்கு நாறல. ராஜவேலுக்குச் சீழு வெச்சிது, எனக்கு வெக்கல. இவனே பாத்துட்டு சொல்றான், நீ பாக்காமயே வெட்டிடுவாங்கன்ற.

கலாவதி: நான் வெட்டுவாங்கன்னு சொல்லல. காட்டலாம்னு சொன்னேன்.

குமாரசாமி: ரெண்டும் ஒண்ணுதான். காலுல வலி இருக்குதா? இல்ல. ஒரு சுருக்கு இருக்குதா? இல்ல. வலி இல்லாத எடத்துல இன்னா வியாதி? எனக்கு ஒண்ணும் ஆவாது கலா. சொன்னா சிரிப்ப... ராத்திரியானா அந்தக் காமாட்சியே வந்து காலைத் தடவிக் குடுத்துட்டுப் போறாளோன்னு தோணுது எனக்கு. இல்லன்னா சாயங்காலம் கசியற புண்ணு காலைல எப்படிப் பளிச்சுனு இருக்கும்? சொல்லு பாக்கலாம்.

ராஜவேலு: ஏம்மா அழுவற? நல்லதுதான சொல்றான்.

கலாவதி: நீ கொஞ்சம் கம்முனு இருண்ணே. ...மாமா. காமாட்சி வரல. நான்தான் வர்றேன்.

குமாரசாமி: இன்னா சொல்ற?

கலாவதி: நீ கண்ணு அசந்ததும் காலை என் மடியில எடுத்து வெச்சிக்குவேன். எதுத்த வீட்டு நர்ஸு புவனேஸ்வரி மருந்துத் தண்ணி குடுத்துச்சி. அதால கழுவி, சீழைத் தொடைச்சி, மருந்து வெச்சிக் கட்டுவேன். விடியறதுக்குள்ள கட்டைப் பிரிச்சி எடுத்துடுவேன். அதான் உனக்குப் பளிச்சுனு இருக்குது.

ராஜவேலு: அதானா அந்த வாசனை...

குமாரசாமி: நீயா? தெனமுமா?

கலாவதி: தெனமும். ‘கூட்டிக்கினு வாக்கா, வீட்டுல வெச்சிக்கினு வெளையாடாத’ன்னு புவனா தலையில அடிச்சிக்கிச்சி. நான்தான் கேக்கல. எங்கப்பா காலையும் இந்தக் கையாலதான கழுவினேன்? அவருக்கு ஆறல. ஆனா உனக்கு ஆறிடும்னு நம்பினேன். எம் புருஷனுக்கு எப்படி ஆறாம போவும்னு நம்பினேன். உன்னைத் திட்டிக்கினே நானும் அதையேதான் பண்ணிக்கினு இருந்தேன். காலைல எழுந்ததும் நீ காலைப் பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிப்ப பாரு... அதைப் பாத்தா சொல்ல மனசே வராது.

குமாரசாமி: பொய்.

கலாவதி: இல்ல மாமா.

குமாரசாமி: பொய் சொல்ற. என்னை ஆட்டோவுல ஏத்தறதுக்காகப் பொய் சொல்ற. பூனை நடந்தா எழுந்துக்கறவன் நான். புண்ணைக் கழுவினா தெரியாதா எனக்கு? செத்த பொணமா நான்?

ராஜவேலு: குமாரு, கோவப்படாத...

குமாரசாமி: நீ சும்மா இருடா. எங் காலுக்கு நல்லா உணர்ச்சி இருக்குது. நெருப்பு மாதிரி ரோட்டுல நின்ன காலு. இவ தொட்டா தெரியாம பூடுமா?

கலாவதி: கையை நீட்டு.

குமாரசாமி: இன்னாத்துக்கு?

கலாவதி: நீட்டு மாமா. காலையிலேர்ந்து முந்தானையில முடிஞ்சி வெச்சிக்கினு இருக்கேன். உன்கிட்ட எப்படிக் குடுக்கிறதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு கூத்தும். ...இந்தா.

குமாரசாமி: அட, என் ஊசி முனை! எங்கடி கெடைச்சிது? பட்டுல மாட்டிக்கினு இருந்துச்சா? பொடவைக்கு ஒண்ணும் ஆவலியே?

கலாவதி: பொடவைக்கு ஒண்ணும் ஆகல மாமா. இது உன் குதிகால்ல இருந்துச்சி. நேத்து கழுவறப்ப கையில தட்டுப்பட்டுச்சி. நகத்துக்கு அகப்படல, பல்லால கடிச்சித்தான் இழுத்தேன். நீ கொறட்டை விட்டுக்கினு இருந்த... அது நிக்கவே இல்ல.